திரும்பி வரத் தெரிந்த எந்திரம்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு; அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் சித்தன்னவாசல் ஓவியத்தையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் மாவட்டம் இது. இலக்கியமும் வரலாறும் கேட்டுப் பழகிய இந்த அவையில் கணினி அப்டேட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேச இடம் தந்தது அறக்கட்டளையினரின் பெருந்தன்மை. பொருளைத் தேர்ந்ததற்கு ஓர் எண்தான் காரணம். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்த கிராம ஊராட்சிகள் 497. புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில ஊராட்சிகள் அதில் சேர்ந்தன. ஆனாலும் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் கொண்டுபோகும் பாரத்நெட் பணியை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்து வருகிறது. வடம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பெட்டி, அதற்குள் மின்னணுக் கருவிகள், பக்கத்தில் ஒரு யுபிஎஸ். இதோடு ரேஷன் கடையின் விற்பனைக் கருவி, அரசுப் பள்ளியின் ஹைடெக் லேப், ஏடிஎம், சிசிடிவி பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்க யாரும் ஊர் ஊராகப் போவதில்லை. எங்கோ ஒரு நகரத்தில் ஒருவர் விசையைத் தட்டினால் பொன்னமராவதியிலும் மணமேல்குடியிலும் பெட்டிகள் அணைந்து எழுகின்றன. எழாமல் போனால்? "சர்வர் டவுன்" என்று ஒரு தாள் ஒட்டப்படும். திருச்சியிலிருந்து ஆள் வர வேண்டும். வரும் ஆள் செய்யும் வேலை பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. பழையதைத் தேர்ந்து மறுபடி ஏற்றுவார், போய்விடுவார்.

அந்த ஐந்து நிமிட வேலையை எந்திரமே ஏன் செய்துகொள்ளக் கூடாது என்பதுதான் இன்றைய கேள்வி. இந்த உரையின் வாதம் ஒன்றே ஒன்று: புதியதை நிலைநிறுத்த ஒரு சான்று கேட்கப்பட வேண்டும், பழையதற்குத் திரும்ப எந்த மனிதரும் தேவைப்படக் கூடாது. இன்று பெரும்பாலான எந்திரங்கள் இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கின்றன. கூறு கூறாகப் பார்ப்போம்.

1. வந்த வழியையே அடைத்துவிடும் வேலை

எதிரில் இருக்கும் கணினி கெட்டால் அது ஒரு பழுது, அவ்வளவுதான். தொலைவில் இருக்கும் கணினியில் கை வைத்துக் கெடுத்தால், அதைச் சரிசெய்யப் போகும் வழியும் சேர்ந்தே போய்விடுகிறது.

இதற்கு மிகக் கசப்பான சான்று செவ்வாயில் கிடக்கிறது. அமெரிக்காவின் வைக்கிங் 1 தரையிறங்கு கலம் 1976 ஜூலை 20 அன்று அங்கே இறங்கியது. 90 நாள் வேலைக்காக வடிவமைத்த கலம் ஆறு ஆண்டுக்கு மேல் உழைத்தது. மின்கலங்கள் தளர்ந்து வந்ததால், அவற்றைச் சார்ஜ் செய்யும் முறையை மாற்ற 1982 நவம்பரில் பூமியிலிருந்து புதிய மென்பொருளை அனுப்பினார்கள். அது போய் எழுதிக்கொண்ட நினைவகப் பகுதியில்தான் ஆண்டெனா பூமியை நோக்கித் திரும்புவதற்கான தரவு இருந்தது. ஆண்டெனா பூமியை விட்டுவிட்டது. கலம் ஒருவேளை நலமாகவே இருந்திருக்கலாம். ஆனால் திருத்தத்தை அனுப்ப வழியில்லை. மாதக்கணக்கில் முயன்று கைவிட்டார்கள். தன்னிடம் யாரும் பேசவில்லை, ஆகவே நேற்றைய நிலைக்குத் திரும்புவோம் என்று முடிவெடுக்கும் ஒரு சிறு நிரல் அந்தக் கலத்தில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

செவ்வாய் வெகு தூரம் என்றால் ஸ்கார்பரோவுக்கு வருவோம். ஈழத்தமிழர்கள் நிறைந்த டொராண்டோவின் அந்தப் பகுதியில் 2022 ஜூலை 8 வெள்ளிக்கிழமை காலை எழுந்தவர்கள் பலருக்குக் கைப்பேசி இல்லை, இணையம் இல்லை. கடைகளில் இன்டராக் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. 911 அவசர எண்ணும் பலருக்குக் கிடைக்கவில்லை. ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆறாம் கட்டத்தில் ரவுட்டர்களின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. வெள்ளமாகப் பாய்ந்த வழித்தகவலைத் தாங்காமல் மைய ரவுட்டர்கள் விழுந்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், 26 மணி நேரம்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பொறியாளர்கள் ரவுட்டர்களுக்குள் நுழையப் பயன்படுத்திய நிர்வாக வலையமைப்பும் அதே மையத்தையே நம்பியிருந்தது. அவர்களுடைய கைப்பேசிகளும் ரோஜர்ஸ்தான். ஒருவரோடொருவர் பேசுவதற்கே போட்டி நிறுவனங்களின் சிம் அட்டைகளை ஆள் வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 4 அன்று, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகிலிருந்தே மறைந்ததும் இதே வகைதான். பராமரிப்பின்போது தந்த ஒரு கட்டளை மையத் தொடர்பைத் துண்டித்தது. சரிசெய்யப் போனவர்களின் கருவிகளும் அதோடு போயின.

2. மௌனம் சம்மதம் ஆகாது

இந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் திரையின் அளவை மாற்றிப் பாருங்கள். "இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு 15 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். திரையே கறுத்துப் போயிருந்தால் பயனரால் பதில் சொல்லவே முடியாது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். சொல்ல முடியாமையையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

வலையமைப்புக்காரர்கள் இதைத் தொழில்முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஜூனிப்பர் ரவுட்டரில் "கமிட் கன்ஃபர்ம்ட்" என்றொரு கட்டளை உண்டு. மாற்றம் உடனே அமலாகும். 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி சொல்லாவிட்டால் ரவுட்டர் தானாகவே முந்தைய அமைப்புக்குப் போய்விடும். உபுண்டு லினக்ஸில் "நெட்பிளான் டிரை" கட்டளை 120 நொடி தருகிறது. சிஸ்கோ ரவுட்டரில் கை வைக்கும் பழைய ஆட்கள், மாற்றம் செய்யும் முன் "பத்து நிமிடத்தில் ரீபூட்" என்று நேரம் குறித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். மாற்றத்தைச் சேமிக்காமல் வைத்திருப்பார்கள். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு வந்தால் போதும். எல்லாம் நல்லபடி இருந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள்.

இந்த வழக்கம் அமைப்பு மாற்றத்துக்கு மட்டும் இருந்து, இயங்குதளத்தையே மாற்றும்போது இல்லாமல் போனதுதான் விந்தை. பெரிய மாற்றத்துக்குத்தான் பெரிய காப்பு வேண்டும்.

3. இரண்டு இடம்

திரும்ப வேண்டுமென்றால் திரும்புவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் மேலேயே புதியதை எழுதினால், பாதியில் மின்சாரம் போனபின் மிஞ்சுவது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கோட்டைப்பட்டினத்தில் புதுப் படகு கடலில் ஓடிக் காட்டும் முன் பழைய படகை யாரும் உடைத்து விற்பதில்லை. கணினித் துறை அதை நெடுநாள் செய்துகொண்டிருந்தது.

இந்த அவையிலுள்ள இளைஞர்கள் சிலர் இதற்கான கருவியைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தவர்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் தந்த கணினிகளில் விண்டோஸும் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இயக்கியதும் ஒரு பட்டியல் வரும். எது வேண்டும் என்று கேட்கும். சில நொடி பார்த்துவிட்டுத் தானாகவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பாஸ் பக்கம் போகாத மாணவர்கள் அந்தப் பட்டியலை ஓர் இடைஞ்சலாகத்தான் நினைத்தார்கள். தொலைவில் இருக்கும் எந்திரத்தைக் காப்பாற்றுவது அந்தப் பட்டியல்தான். விண்டோஸும் லினக்ஸும் இருந்த இடத்தில் பழைய லினக்ஸையும் புதிய லினக்ஸையும் வைத்தால் வேலை பாதி முடிந்தது.

கூகுளின் குரோம்புக் கணினிகள் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். வட்டில் ஏ, பி என்று இரண்டு பகுதிகள். ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது பி பகுதியில் சத்தமில்லாமல் எழுதப்படும். எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகு ஒரு சிறு குறி மட்டும் மாறும்: அடுத்த முறை பி. எழுதும்போது பாதியில் கரண்ட் போனாலும் ஏ தொடப்படாமல் இருக்கும். 2016இல் ஆண்ட்ராய்டு 7 பதிப்போடு இந்த முறை கைப்பேசிக்கும் வந்தது. இரண்டு பகுதி என்றால் இரண்டு மடங்கு இடமல்லவா என்று தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். 2020இல் ஆண்ட்ராய்டு 11, மாறிய பகுதியை மட்டும் தனியே வைத்துக்கொள்ளும் சிக்கனமான வடிவத்தைக் கொண்டுவந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்ததை இந்த மாவட்டத்துக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. அப்டேட்டின் நடுவில் மின்சாரம் போகாது என்று எண்ணி எந்திரம் செய்பவர்கள் இங்கே வந்து ஒரு மழைக்காலம் தங்க வேண்டும்.

இரண்டாவது இடம் இல்லாத கருவியின் கதி 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் தெரிந்தது. லாக்ஸ்டேட் என்ற நிறுவனத்தின் இணையப் பூட்டுகள் சுமார் 500க்கு வேறொரு மாதிரிக்கான மென்பொருள் தவறிப் போய்விட்டது. பூட்டுகள் செத்தன. விருந்தினருக்கு வீடு வாடகைக்கு விடுபவர்கள் வாங்கி மாட்டியவை அவை. பூட்டின் பின்பகுதியைக் கழற்றி அஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள்.

4. தோல்வி நான்கு வகை

இரண்டு இடம் இருந்தால் போதாது. புதியது தோற்றுவிட்டது என்பதை யார் கண்டுபிடிப்பது? தோற்றவனிடமே கேட்க முடியாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். லினக்ஸை வைத்துச் சொல்வது எளிது. மற்றவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

முதல் வகை: கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, ஏறவே இல்லை. கோப்பு இல்லை, அல்லது சிதைந்திருக்கிறது. பட்டியல் காட்டும் கிரப் என்ற ஏற்றி நிரலுக்கே இது தெரிந்துவிடும். "ஃபால்பேக்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்ததை எடுத்துக்கொள்ளும். எளிது. பலர் இதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் வகை: ஏறுகிறது, ஏறிய பின் விழுகிறது. வட்டைத் தேடிக் காணவில்லை என்றாலும் டிரைவர் ஒத்துப்போகவில்லை என்றாலும் கெர்னல் "பேனிக்" என்று எழுதிவிட்டு நின்றுவிடும். லினக்ஸின் இயல்பான வழக்கம் அப்படியே நிற்பது. திரையில் உள்ளதை யாராவது வந்து படிப்பார்கள் என்ற நம்பிக்கை அது. ஊராட்சி அலுவலகப் பெட்டிக்குத் திரையே கிடையாது. கெர்னலுக்குத் தரும் வரியில் "பேனிக்=10" என்று சேர்த்தால், விழுந்த பத்தாம் நொடியில் தானே ரீபூட் ஆகும். ஆனால் ரீபூட் ஆகி எதற்குப் போகும்? மறுபடி அதே புதியதற்குப் போனால் விடிய விடிய விழுந்து எழுந்துகொண்டிருக்கும். ஆகவே புதியதை நிரந்தரத் தேர்வாக வைக்கக் கூடாது. "அடுத்த ஒரு முறை மட்டும்" என்று வைக்க வேண்டும். கிரப்பில் அதற்குத் தனிக் கட்டளை உண்டு. அந்த ஒரு முறையில் புதியது விழுந்தால், அடுத்த ரீபூட் தானாகவே பழையதற்குப் போகும். புதியது நன்றாக எழுந்து வேலை செய்த பிறகுதான், அதற்குள்ளிருந்தே, "இனி நான்தான் நிரந்தரம்" என்ற குறியை எழுத வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. "ஒரு முறை மட்டும்" என்ற குறிப்பை கிரப் 1024 பைட் அளவுள்ள ஒரு சிறு கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஏறும்போது அதைப் படித்து உடனே அழிக்க வேண்டும். வட்டு எல்விஎம் முறையிலோ மென்பொருள் ரெய்டு முறையிலோ பிரிக்கப்பட்டிருந்தால் கிரப்பால் படிக்க முடியும், எழுத முடியாது. குறிப்பு அழியாது. "ஒரு முறை மட்டும்" என்பது "ஒவ்வொரு முறையும்" ஆகிவிடும். மேசையில் இருந்த சோதனைக் கணினியில் அருமையாக வேலை செய்த ஏற்பாடு சர்வரில் கவிழ்வது இப்படித்தான்.

மூன்றாம் வகை: உறைந்து போவது. விழவும் இல்லை, ஓடவும் இல்லை. நம் ஊரில் "ஹேங் ஆயிருச்சு" என்பார்கள். விழாதவன் ரீபூட் கேட்க மாட்டான். இதற்கு "வாட்ச்டாக்" என்ற வன்பொருள் மணி இருக்கிறது. ராஸ்பெர்ரி பை முதல் பெரிய சர்வர் வரை பெரும்பாலானவற்றில் உள்ளே இருக்கும். யாரும் இயக்கி வைப்பதில்லை, அவ்வளவுதான். இயங்குதளம் சில நொடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால் அது வன்பொருள் அளவிலேயே கணினியை மறுபடி எழுப்பிவிடும். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர், முன்னுரிமை குழம்பும் ஒரு பிழையால் அடிக்கடி சிக்கியது. ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே ரீசெட் செய்துகொண்டு மீண்டது. கலிபோர்னியாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் இருந்த நகல் கலத்தில் பொறியாளர்கள் அதே பிழையை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்து, திருத்தத்தை மேலே அனுப்பினார்கள். பிழை இருந்தும் கலம் உயிரோடு காத்திருந்தது.

நான்காம் வகைதான் விஷமம். கெர்னல் ஏறிவிட்டது, விழவில்லை, உறையவில்லை, எல்லாச் சேவைகளும் ஓடுகின்றன. ஆனால் வலையமைப்பு அட்டையின் பெயர் மாறிவிட்டது, அல்லது புதிய ஃபயர்வால் விதி வாசலை அடைத்துவிட்டது. தன் பார்வையில் எந்திரம் நலம். ஊரின் பார்வையில் அது இல்லை. வைக்கிங் 1 இந்த வகை. இதற்கு மருந்து, எது வெற்றி என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. உள்நுழையும் திரை வந்துவிட்டது என்பதை வெற்றியாகக் கொள்ளக் கூடாது. நிர்வாகியின் கட்டளை வெளியிலிருந்து வந்து சேர முடிகிறதா என்பதே கேள்வி. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்து சேரவில்லை என்றால் எந்திரம் பழையதற்குத் திரும்ப வேண்டும்.

உடனே ஓர் எதிர்க்கேள்வி வரும், நியாயமான கேள்வி. சாலை தோண்டும் ஜேசிபி வடத்தை அறுத்துவிட்டால்? அப்டேட்டில் குற்றமே இல்லாமல் எந்திரம் பின்வாங்கிவிடுமே? ஆம், வாங்கிவிடும். சோதனையைப் புத்தியோடு அமைத்தால் இதைக் குறைக்கலாம்: சென்னை சர்வரைத் தேடாமல் அடுத்த முனையை மட்டும் தேடலாம், அப்டேட்டுக்கு முன் எட்டிய இடம் பின்னும் எட்டுகிறதா என்று ஒப்பிடலாம். ஆனாலும் இந்த உரையின் தீர்ப்பு, வீணாகப் பின்வாங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே. வீணாகத் திரும்பிய எந்திரம் நாளை மறுபடி அப்டேட் வாங்கிக்கொள்ளும். திரும்பாமல் நின்ற எந்திரத்துக்குத் திருச்சியிலிருந்து வண்டி வர வேண்டும்.

புதியதை எத்தனை முறை முயன்று பார்ப்பது என்று எண்ணும் வேலையை ஏற்றி நிரலுக்குள்ளேயே வைக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின், 2018 டிசம்பரில் வெளியான 240 பதிப்பிலிருந்து கெர்னல் பதிவின் பெயரிலேயே எண்ணிக்கை எழுதப்படுகிறது. வாலில் "+3" என்றால் மூன்று முயற்சி பாக்கி. ஒரு முறை ஏற்றியதும் "+2-1" ஆகும், பிறகு "+1-2", பிறகு "+0-3". அதற்குள் நலம் என்ற செய்தி வந்தால் வால் நீங்கிப் பெயர் சுத்தமாகும். வராவிட்டால் அந்தப் பதிவு பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படும். ரவுட்டர் போன்ற கருவிகளில் ஓடும் யூ-பூட் நிரலில் இதே எண்ணிக்கை நெடுங்காலமாக உண்டு. பெட்டியைச் செய்பவர்கள் அதை இயக்கி வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

5. 2024 ஜூலை 19

இந்த நான்கு வகையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, உலகம் இதுவரை கண்ட மிகப் பெரிய அப்டேட் விபத்தைப் பார்க்கலாம். அன்று வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு 291 என்ற எண்ணுடைய ஒரு சிறு தரவுக் கோப்பை அனுப்பியது. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் தந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நிரல் நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்க, விண்டோஸ் நீலத் திரையோடு விழுந்தது. காலை 10:57க்கெல்லாம் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் விழுந்தவை, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில், 85 லட்சம் கணினிகள்.

இந்தியாவில் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தந்தார்கள். அவற்றின் படங்கள் அன்று எல்லார் கைப்பேசியிலும் சுற்றின. இண்டிகோ ஏறத்தாழ இருநூறு விமானங்களை ரத்து செய்தது. பத்து வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டுமே சிறிய பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஏறக்குறைய 7,000 விமானங்களை இழந்தது. 40,000 சர்வர்களைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் கூறினார்.

கோப்பை ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெற்றும் உலகம் நாட்கணக்கில் தவித்தது ஏன்? விழுந்த கணினிகள் தாமே ரீபூட் ஆயின, மறுபடி அதே கோப்பைப் படித்தன, மறுபடி விழுந்தன. எழுந்து நின்று திருத்தத்தை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவற்றுக்கு ஆயுள் இல்லை. ரீபூட் இருந்தது, எண்ணிக்கை இல்லை. "இந்தக் கோப்பு வந்த பிறகு மூன்று முறை விழுந்துவிட்டேன், முந்தைய கோப்புக்குப் போகிறேன்" என்று சொல்லும் பத்து வரி நிரல் அந்தப் பாதுகாப்பு மென்பொருளுக்குள் இல்லை. தரவுக் கோப்பு நிரலல்ல, ஆகவே அதற்குக் காப்பு தேவையில்லை என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. பழைய பதிப்பிலேயே நின்றுகொள்ள விரும்பிய வாடிக்கையாளர்களின் ஏற்பாடும் தரவுக் கோப்பைக் கட்டுப்படுத்தவில்லை. மிஞ்சியது மனிதக் கை: ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் எழுப்பி, கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவியை முதலில் தேட வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்து கிடந்த இடங்கள் உண்டு. அசூர் மேகக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த யோசனை வேடிக்கையானது: 15 முறை வரை ரீபூட் செய்து பாருங்கள். விழுவதற்கும் திருத்தம் வந்து சேர்வதற்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் எப்போதாவது திருத்தம் முந்தும் என்ற கணக்கு அது.

செவ்வாயில் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரி 21 அன்று இதே சுழலில் சிக்கியது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகிவிட்டதால் ஏறும்போதெல்லாம் விழுந்தது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் ஃபிளாஷைத் தொடாமலே எழும் ஓர் ஊன்றுகோல் நிலையை உள்ளே வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து அந்தக் கட்டளை போனது, ஊர்தி எழுந்தது, கோப்புகளைச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பின் ஆறு ஆண்டு உழைத்தது. பழையதற்கும் புதியதற்கும் அப்பால் இருக்கும் சிறிய மூன்றாவது புகலிடம் அது. மைக்ரோசாஃப்ட்டும் 2024 நவம்பரில் இதே வகை ஏற்பாட்டை அறிவித்து, 2025இல் விண்டோஸ் 11க்குக் கொண்டுவந்தது: திரும்பத் திரும்ப விழும் கணினி மீட்புச் சூழலுக்குள் போய், அங்கிருந்தே இணையத்தில் திருத்தத்தைத் தேடி வாங்கிக்கொள்ளும். தாமதமான வேலை, சரியான வேலை.

6. திரும்பக் கூடாத சில

பின்வாங்குவதற்கும் எல்லை உண்டு, சுருக்கமாக இரண்டு.

ஒன்று, மக்களின் தரவு. காலையில் அப்டேட் ஆகி, மதியம் வரை பத்துப் பேரின் விண்ணப்பம் பதிவாகி, மாலையில் எந்திரம் நேற்றுக்குத் திரும்பினால் அந்தப் பத்து விண்ணப்பம் என்ன ஆகும்? இயங்குதளம் திரும்பலாம், பதிவேடு திரும்பக் கூடாது. ஓபன்சூசே லினக்ஸ் தன் மீட்பு நகலிலிருந்து பயனரின் கோப்புறையை விலக்கி வைப்பது இதனால்தான். புதிய பதிப்பு எழுதிய தரவைப் பழைய பதிப்பால் படிக்க முடிய வேண்டும். மென்பொருள் எழுதுபவர்கள் ஒரு பதிப்புக் காலமாவது இதைக் காப்பாற்ற வேண்டும்.

இரண்டு, பாதுகாப்பு. பழைய பதிப்பில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் அப்டேட் வந்தது. எந்திரம் பழையதற்குத் திரும்பும் என்று தெரிந்தால் திருடன் அதைத் திருப்பித்தான் உள்ளே வருவான். ஆண்ட்ராய்டு இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது: குறைந்தபட்சப் பதிப்பு எண்ணைக் கருவி மனத்தில் வைத்துக்கொள்ளும், ஆனால் புதியது வெற்றி என்று உறுதியான பிறகுதான் அந்த எண்ணை உயர்த்தும். அதுவரை வழி திறந்திருக்கும், அதன் பின் அடைபடும்.

7. புதுக்கோட்டையில் செய்யக்கூடியது

இவ்வளவு கேட்டபின் ஆசிரியர்களும் அலுவலர்களும் கேட்பது, எங்களால் என்ன ஆகும் என்பதாகவே இருக்கும். எந்திரத்தை வடிவமைப்பது நம் கையில் இல்லை. வாங்குவது நம் கையில் இருக்கிறது. அரசு வாங்கும் பெட்டிகளின் ஒப்பந்த ஆவணத்தில் நினைவகம் எத்தனை ஜிபி, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு மூன்று வரி சேர்க்கலாம். அப்டேட் நடுவில் மின் இணைப்பைப் பிடுங்கினால் எந்திரம் பழைய பதிப்போடு எழ வேண்டும். வேண்டுமென்றே கெடுத்த ஓர் அப்டேட்டை அனுப்பினால் தானே பின்வாங்க வேண்டும். அப்டேட்டுக்குப் பின் வலையமைப்பு எட்டாவிட்டால் குறித்த நேரத்தில் பின்வாங்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்புக் குழுவின் கண் முன்னால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். செய்து காட்ட முடியாத பெட்டியை வாங்கக் கூடாது.

அப்டேட்டை அனுப்புபவர்களும் எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே இரவில் அனுப்பத் தேவையில்லை. முதலில் ஆள் எளிதாகப் போகக்கூடிய ஓர் ஊராட்சி, அடுத்து ஓர் ஒன்றியம், இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற 12 ஒன்றியங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே அந்த விபத்துக்குப் பிறகுதான் தரவுக் கோப்புகளையும் கட்டம் கட்டமாக அனுப்பத் தொடங்கியது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினியை எடுங்கள். லினக்ஸை ஏற்றுங்கள், இரண்டு கெர்னல்களை வையுங்கள், "ஃபால்பேக்" வரியும் "பேனிக்=10" வரியும் எழுதுங்கள், வாட்ச்டாக்கை இயக்குங்கள். பிறகு ஒரு கெர்னலை வேண்டுமென்றே கெடுத்து, "ஒரு முறை மட்டும்" என்று அதைத் தேர்ந்து, ரீபூட் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எந்திரம் தானே திரும்பி வந்தால் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு அதை எடுத்துப் போய் ஊராட்சிச் செயலரிடம் காட்டுங்கள்; அங்கிருக்கும் பெட்டிக்கு இது தெரியுமா என்று கேளுங்கள்.